அணை போனது, ஆறு வந்தது: எல்வா நதியில் மலைமண் கடல் சேர்ந்த கதை

அமெரிக்காவின் எல்வா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 2011 வரைக்கும் கடற்கரை என்றால் பெரும்பாலும் கல்தான். தலையளவு, கையளவு உருண்டைக் கற்கள் நெருக்கியடித்துக் கிடக்கும்; காலை வைத்தால் புரளும். கரையும் ஆண்டுக்கு ஆண்டு கடலிடம் தோற்றுக்கொண்டிருந்தது. ஐந்தாறு ஆண்டு கழித்து அதே இடத்துக்குப் போனவர்கள் கண்டது மணல். சுமார் 60 ஹெக்டேர் புது நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மணல்திட்டு, அதற்குப் பின்னால் குட்டை, குட்டையோரத்தில் முளைவிட்ட செடி. லாரி வைத்து யாரும் கொட்டவில்லை. மலையிலிருந்து ஆறு சுமந்து வந்து போட்டது.

நதி நிலத்தைச் செதுக்குகிறது என்று எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். படித்ததோடு சரி; கண்ணால் பார்க்க வாய்ப்பில்லை. ஆயிரம் ஆண்டு, லட்சம் ஆண்டு என்று கணக்கு போகும் வேலை அது. எல்வாவில் மட்டும் ஒரு விபரீதமான வசதி வாய்த்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு இரண்டு அணைகளுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த கல்லும் மணலும் சேறும், அணைகளை அகற்றியதும் சில ஆண்டுகளுக்குள் அவிழ்த்துவிடப்பட்டன. அப்போது கரை நெடுக அளவுகருவிகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். தலைமாடு முதல் முகத்துவாரம் வரை ஓர் ஆறு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இவ்வளவு நெருக்கமாகக் கணக்கெடுக்கப்பட்ட சாட்சி வேறு அதிகம் இல்லை. அதனால்தான் இந்த ஆற்றை எடுத்துக்கொண்டேன்.

ஆற்றின் உடல்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பம் மூன்று பக்கமும் நீர் சூழ நிற்கிறது. நடுவில் மலைக்கூட்டம். அங்கே பனியிலும் பாறைச் சரிவிலும் பிறக்கும் எல்வா, வடக்கு நோக்கி 72 கிலோமீட்டர் ஓடி ஹுவான் டி ஃபூகா நீரிணையில் விழுகிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம் கனடா. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 833 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிடுகிறது. மேல்பகுதியில் ஊர் இல்லை, வயல் இல்லை, ஆற்றுமணல் அள்ளுவோரும் இல்லை. ஆய்வு செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். கீழே ஏதாவது மாறினால், அது அணையால் வந்ததா, காடழிப்பால் வந்ததா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த மலைகளின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடியில் படிந்த மணலும் சேறும்தான். கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் புதைந்தபோது அந்தப் படிவுகள் வழித்தெடுக்கப்பட்டு, நசுங்கி, மடிந்து மேலே எழுந்தன. ஆகவே பாறையில் விரிசல் அதிகம். விரிசலுக்குள் போன நீர் இரவில் உறைந்து பருத்து, பாறையைப் பிளக்கும். குளிர்காலம் முழுக்க மழையும் பனியும் கொட்டும். சரிவு சரிவாகக் கற்கள் கீழே வந்து குவியும். பனியாறுகள் முன்பே பள்ளத்தாக்குகளை அகலமாகத் தோண்டிவைத்திருந்தன. கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் ஒன்று கீழ்ப்பகுதியை அடைத்து, போகும்போது தன் பங்குக்கு மணலையும் களிமண்ணையும் விட்டுப் போனது.

இதில் பலரும் தவறவிடும் சங்கதி ஒன்று உண்டு. தலைமாட்டில் நிலத்தை உடைக்கும் வேலையில் பெரும்பங்கை ஆறு செய்வதே இல்லை. உறைபனி உடைக்கிறது, மழை நனைக்கிறது, சரிவு தள்ளுகிறது. ஆற்றின் முதல் வேலை, காலடியில் வந்து விழுவதை அப்புறப்படுத்துவது. அப்படி அது அப்புறப்படுத்திக்கொண்டே இருப்பதால்தான் சரிவின் அடிவாரம் காலியாகி, மேலே இருப்பது மறுபடி சரிகிறது. பள்ளத்தாக்கு ஆழமாவது இப்படித்தான்: ஆறு அடியை அறுக்கிறது, பக்கங்கள் தாமாக வந்து சேர்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இளமை, முதிர்ச்சி, முதுமை என்று ஆற்றை மூன்று பருவமாகப் பிரித்து, மலையில் அருவி, நடுவில் வளைவு, கடைசியில் டெல்டா என்று படம் போடும் வழக்கம் நமக்கு நன்றாகப் பழகியது. தேர்வுக்கு வசதியான படம். ஆனால் எல்வாவை அந்தப் படத்துக்குள் அடைக்க முடியாது. குறுகிய மலையிடுக்கு ஒன்று வரும், பிறகு அகன்ற சமதளம், மறுபடி இடுக்கு, மறுபடி சமதளம். நூலில் கோத்த மணிபோல மாறி மாறி வரும். கடினப் பாறை குறுக்கிட்ட இடத்தில் ஆறு ஒடுங்கி வேகமெடுக்கிறது. இளகிய படிவு கிடைத்த இடத்தில் அகன்று, சுமையை இறக்கிவைத்து, பக்கவாட்டில் அலைகிறது. 1889–90 குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக மலையைக் கடக்கப் புறப்பட்ட பத்திரிகைப் பயணக்குழு ஒன்று, ஆறு திடீரென்று பாறைச் சுவருக்குள் திரும்பி நுழையும் ஓரிடத்துக்குப் ‘பூதங்களின் வாசல்’ என்று பொருள்படும்படி பேர் வைத்தது. வாசலுக்கு வெளியே பார்த்தால் அகன்ற வெளி. உள்ளே பார்த்தால் இருட்டுப் பிளவு. ‘இளமை’யும் ‘முதிர்ச்சி’யும் கூப்பிடு தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதுமை என்று சொல்லத்தக்க சோம்பலான வளைவு நெளிவு கடைசிவரை கிடையாது. கடலைத் தொடும் வரைக்கும் கல் உருட்டும் ஆறு இது.

சுமை எப்படிப் பயணிக்கிறது

பேருந்தில் ஏறியவர் இறங்குவதுபோல மேலே ஏறிய கல் ஒரே பயணத்தில் கடலில் இறங்குவதில்லை. சேறு மட்டும்தான் அப்படிப் போகும். கலங்கலோடு கலந்துவிட்டால் வெள்ளம் ஓடும் வேகத்திலேயே போய்விடும். மணல் துள்ளித் துள்ளி நகரும். கூழாங்கல் வெள்ள நாட்களில் உருண்டு, அடுத்த திட்டில் ஒதுங்கிவிடும்; பிறகு பல ஆண்டு அசையாது. பாறாங்கல் அரிய வெள்ளத்துக்குக் காத்திருக்கும். சுமையைப் பொடிப்பொடியாகப் பிரித்து, ஒவ்வொரு அளவையும் ஒவ்வொரு வேகத்தில் அனுப்பும் சல்லடை என்று ஆற்றைச் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சல்லடையில் ஒரு வேடிக்கை உண்டு. சின்னது எளிதில் கிளம்பும், பெரியது கஷ்டப்பட்டுக் கிளம்பும் என்றுதானே நினைப்போம்? ஸ்வீடனைச் சேர்ந்த ஹியூல்ஸ்ட்ரோம் 1935-இல் வரைந்து காட்டிய வளைகோடு வேறு மாதிரி சொல்கிறது. எளிதில் கிளம்புவது நடுத்தர மணல். அதைவிடச் சன்னமான களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், படுகையிலிருந்து அதைப் பிய்த்தெடுக்கக் கூடுதல் வேகம் தேவை. ஆனால் ஒருமுறை பிய்ந்துவிட்டால், நீர் ஏறக்குறைய நின்றால்தான் கீழே படியும். எல்வாவில் பின்னால் நடந்த பலதுக்கும் விளக்கம் இதில் இருக்கிறது.

நூறு ஆண்டு அடைப்பு

கடலிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முதல் அணை, எல்வா அணை. கட்டத் தொடங்கியது 1910-இல், மின்சாரத்துக்காக. அடித்தளம் பாறையில் சரியாக ஊன்றவில்லை. 1912 அக்டோபர் 31 அன்று நீர் அணைக்கு அடியிலேயே துளைத்துக்கொண்டு பீறிட்டது. கீழ்க்கரையில் இருந்த கிளாலம் பழங்குடி மக்களின் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது. பாறை, மண், மரக்கிளை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு ஓட்டையை அடைத்து, 1913-இல் அணையை முடித்தார்கள். உயரம் சுமார் 32 மீட்டர். மீன் ஏறுவதற்குப் பாதை வைக்க வேண்டும் என்பது அப்போதே மாநிலச் சட்டம், வைக்கவில்லை. 1927-இல் இன்னும் 14 கிலோமீட்டர் மேலே, மலையிடுக்கு ஒன்றில் 64 மீட்டர் உயரக் கிளைன்ஸ் கேன்யன் அணை எழுந்தது. கீழே தேங்கியது ஆல்ட்வெல் ஏரி. மேலே மில்ஸ் ஏரி.

ஓடும் ஆறு ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் போய்விடுகிறது. கையில் இருப்பதை அங்கேயே போடுகிறது. கல்லும் சரளையும் ஏரியின் தலைப்பில், அடுத்து மணல், சேறு ஏரியடி முழுக்க. அதாவது கடலோரத்தில் உருவாகியிருக்க வேண்டிய டெல்டா, மலைக்கு நடுவில் உருவானது. 1875-இல் அமெரிக்க நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் ஒரு கருத்தைச் சொன்னார்: ஒவ்வொரு ஆறும் ஒரு கீழ்மட்டத்தை நோக்கியே அறுக்கிறது, கடைசிக் கீழ்மட்டம் கடல். அணை கட்டும்போது அந்த மட்டத்தை நாம் பொய்யாக உயர்த்துகிறோம். ஆற்றைப் பொறுத்தவரை ஏரியின் மேல்பரப்புதான் கடல். அங்கே வந்ததும் தன் பயணம் முடிந்தது என்று சுமையை இறக்கிவிடுகிறது.

இரண்டு ஏரிகளிலும் சேர்த்துத் தேங்கியது ஏறக்குறைய 2.1 கோடி கன மீட்டர். 10 கன மீட்டர் கொள்ளும் லாரி என்றால் 21 லட்சம் நடை. ஆண்டுக் கணக்கில் பிரித்தால், சராசரியாக ஆண்டுக்கு இரண்டு லட்சம் கன மீட்டருக்கு மேல் மலை அனுப்பியிருக்கிறது, கடலுக்குப் போய்ச் சேரவில்லை.

அணைக்குக் கீழே என்ன ஆனது? தெளிந்த நீர் வந்தது. கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் சுமையில்லாத நீர் பசியோடு இருக்கும். படுகையில் கிடக்கும் மணலையும் பொடிக்கல்லையும் அள்ளிக்கொண்டு போகும். ஈடு கட்ட மேலிருந்து எதுவும் வராது. கடைசியில் ஆற்றால் அசைக்க முடியாத பெருங்கற்கள் மட்டும் மிஞ்சி, படுகைக்குக் கவசம் போட்டதுபோல் இறுகிவிடும். சால்மன் மீன் சரளைக்குள் குழி பறித்துத்தான் முட்டையிடும். கால்பந்து அளவுக் கல்லைப் புரட்டிக் குழி பறிக்க அதற்கு வாலில் வலு போதாது. வேரோடு அடித்துவரும் மரங்களும் ஏரியில் நின்றுவிட்டன. அவை இல்லாததால் கீழ்ப்பகுதியில் நீரைத் திருப்பிவிடவும் மடு தோண்டவும் மணலை ஒதுக்கவும் ஆளில்லை. ஆறு ஒரே தடத்தில் ஓட ஆரம்பித்தது.

கடற்கரை கடைசியாகத்தான் அடிவாங்கும், ஆனால் தப்பாது. அலை ஓய்வு எடுப்பதில்லை. இங்கே அது மணலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆறு புதிதாகக் கொடுக்காவிட்டால் இருப்பதிலிருந்து எடுக்கும். முகத்துவாரத்துக்குக் கிழக்கே கரை ஆண்டுதோறும் பின்வாங்கியது. அதையும் தாண்டி, போர்ட் ஏஞ்சலஸ் துறைமுகத்தைக் காக்கும் எடிஸ் ஹுக் என்ற நீண்ட மணல் நாக்கு மெலிந்தது. கடலோர மேடுகளிலிருந்து சரியும் மண்ணையும் குழாய்ப்பாதைக்காகக் கல் போட்டுத் தடுத்துவிட்டிருந்ததால், அதற்கு இரண்டு பக்கமும் வரவு நின்றது. பிறகு மனிதர்களே கல் கொண்டுவந்து கொட்டிக் காப்பாற்ற வேண்டிய நிலை. நைல் நதியிலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அணைகளில் ஆரம்பித்து, 1970-இல் முடிந்த அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு நைல் டெல்டாவின் ரொசெட்டா முனை வேகமாகக் கடலுக்குள் போனது. அது பல ஆயிரம் கிலோமீட்டர் ஆறு. இது 72 கிலோமீட்டர். கணக்கு ஒன்றே.

தட்டில் பார்த்தது

அணை நீங்கினால் என்ன நடக்கும் என்று படிப்பதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஈர மணலைப் பரப்பி, ஒரு முனையைப் புத்தகம் வைத்து உயர்த்தி, மெல்லிய தாரையாக நீர் விட்டேன். சிறு ஓடை விழுந்தது. நடுவில் அட்டையைக் குறுக்கே நட்டதும் குட்டை தேங்கி, அதன் தலையில் விரல்நுனி அளவு டெல்டா வளர்ந்தது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டு அட்டையை ஒரு சென்டிமீட்டர் இறக்கினேன்.

அட்டையை ஒட்டிய மணல்தான் முதலில் போகும் என்று எதிர்பார்த்தேன். வேலை தொடங்கியது டெல்டாவின் முன்விளிம்பில். அங்கே ஒரு குட்டி அருவி உண்டானது, அரை விரல்கடை உயரம். அந்த அருவி நின்ற இடத்தில் நிற்கவில்லை. தன் காலடியைத் தானே பறித்துக்கொண்டு, மேல்நோக்கி, நீர் வரும் திசையில் நடந்தது. அது கடந்துபோன இடமெல்லாம் ஆழமான வாய்க்கால். வாய்க்கால் ஆழமானதும் இரண்டு பக்கமும் பாளம் பாளமாகச் சரிந்தன. சரிந்ததை நீர் அள்ளிப்போக, வாய்க்கால் அகன்றது. மணல் சரிந்த சாய்வில் நின்றது. கொஞ்சம் களிமண் கலந்திருந்த மூலை மட்டும் செங்குத்துச் சுவராக நின்று, பிறகு ஒரே கட்டியாக விழுந்தது. அட்டையை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கியதும் புது அருவி, மறுபடி நடை. நான் விட்ட நீரின் அளவு இதற்கெல்லாம் நடுவில் மாறவே இல்லை.

இந்தக் கடைசி வரி முக்கியம். கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

அவிழ்த்துவிட்ட ஆண்டுகள்

அணைகளை எடுக்க வழிசெய்யும் சட்டம் 1992-இல் வந்தது. ஆனால் வேலை தொடங்க 2011 செப்டம்பர் ஆகிவிட்டது. இடையில் போன காலத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: உள்ளே கிடக்கும் மண்ணை என்ன செய்வது? தோண்டி எடுத்து வெளியே கொண்டுபோவதா, ஆற்றிடமே விட்டுவிடுவதா? 1994-இல் மில்ஸ் ஏரியின் நீரைச் சில மீட்டர் இறக்கிப் பார்த்து, டெல்டா எப்படி அறுபடுகிறது என்று அளந்தார்கள். 2010-இல் டெல்டாவில் வளர்ந்திருந்த மரங்களை வெட்டி, ஆறு பிடித்துக்கொள்ள ஒரு வழிகாட்டி வாய்க்காலும் தோண்டினார்கள். கடைசியில் ஆற்றிடமே விடுவது என்று முடிவானது. அணையை மேலிருந்து படிப்படியாக வெட்டி இறக்குவது, நடுநடுவே நிறுத்திவைப்பது. மீன்கள் ஆற்றில் ஏறும் பருவங்களில் கலங்கல் குறைய இந்த நிறுத்தங்கள்.

கீழ் அணை 2012 மார்ச்சுக்குள் போய்விட்டது. மேல் அணையின் கடைசித் துண்டு 2014 ஆகஸ்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நடுவில் ஓராண்டு வேலை நின்ற கதை சுவையானது. 2012 இலையுதிர் காலத்து மழையில், நீர் எடுக்கும் நிலையத்தின் சல்லடைகள் அடைத்துக்கொண்டன. மணலும் சேறும் எவ்வளவு வரும் என்று பல ஆண்டு கணக்குப் போட்டவர்கள், அவற்றோடு வந்த இலையையும் சுள்ளியையும் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. ஏரியடியில் நூறு ஆண்டு இலை கிடந்தது! காடும் தன் பங்குக்குச் சுமை அனுப்பும் என்பதை நினைவூட்ட ஒரு பம்பு அறை தேவைப்பட்டது.

ஏரிகள் வற்றியதும் அடியில் பழைய காட்டின் அடிமரங்கள் தெரிந்தன. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தேவதாரு அடிகள். அவற்றில் மரம் வெட்டியவர்கள் பலகை செருகி நிற்கப் போட்ட வெட்டுக்குழிகூட அப்படியே. கிளாலம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த, தங்கள் இனம் படைக்கப்பட்ட புனிதப் பாறையும் 2012-இல் ஆல்ட்வெல் ஏரியடியிலிருந்து வெளிப்பட்டது.

இனி ஆற்றின் வேலைக்கு வருவோம். என் தட்டில் நடந்ததேதான் ஏரிகளில் நடந்தது, அளவுதான் வேறு. மட்டம் இறங்க இறங்க டெல்டா அறுபட்டு, அறுபட்டது முன்னால் போய்ச் சேற்றின் மேல் படிந்து, டெல்டாவே அணையை நோக்கி நகர்ந்தது. அணையைத் தொட்ட பிறகு கல்லும் மணலும் விளிம்பைத் தாண்டிக் கீழே போகத் தொடங்கின. முதல் இரண்டு ஆண்டில் வெளியேறியது சுமார் 71 லட்சம் கன மீட்டர், எடையில் ஒரு கோடி டன்னுக்கு மேல். மேலே போட்ட ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்குக்கும் அதிக வேகம்.

பெரிய வெள்ளம் வந்ததால் அல்ல என்பதுதான் வியப்பு. அந்த இரண்டு ஆண்டும் ஆறு சாதுவாகவே ஓடியது. பெருவெள்ளம் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் செய்தது மட்டம் இறங்கியதுதான். தட்டில் நான் நீரைக் கூட்டவே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதே சங்கதி. நிலத்தைச் செதுக்குவது வெள்ளம் என்றே நாம் பழகிவிட்டோம். கீழே இருக்கும் மட்டம் ஒரு முழம் இறங்கினால் போதும், மேலே உள்ள ஆறு முழுக்க அதற்கேற்பத் தன்னை அறுத்துக்கொள்ளப் புறப்பட்டுவிடும். ஆற்றின் வடிவத்துக்கான உத்தரவு பாதி மேலிருந்து வருகிறது, பாதி கீழிருந்து.

நடுப்பகுதி: மேடான படுகை, போன சாலை

அணைகளுக்குக் கீழே இருந்த ஆறு, கவசம் போட்டு ஒரே தடத்தில் ஓடிப் பழகிய ஆறு. அதன் தலையில் இந்தச் சுமை வந்து இறங்கியது. முதலில் மடுக்கள் நிரம்பின. ஆழமும் ஆழமின்மையும் மாறி மாறி வந்த படுகை, சமமான மணல்பாதையாக மாறியது. படுகை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது. உயர்ந்ததும் நீர் பழைய கிளைகளைத் தேடிக்கொண்டு போனது. திட்டுகள் முளைத்தன, ஆறு இரண்டாக, மூன்றாகப் பிரிந்து பின்னிக்கொண்டது. நூறு ஆண்டாக வறண்டு கிடந்த ஓடைத்தடங்களில் நீர் வந்தது. பிரிந்த கிளைகளுக்கு நடுவே ஆற்றிடைக்குறைகள். ‘ஆற்றிடைக்குறை’ என்ற சொல்லை இலக்கணப் புத்தகத்துக்கு வெளியே பயன்படுத்த ஓர் ஆறு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

சுமையின் அளவும் கல்லின் பருமனும் ஒரு தட்டில், நீரின் அளவும் சரிவும் மறுதட்டில். இப்படி ஒரு தராசை 1955-இல் லேன் என்ற பொறியாளர் முன்வைத்தார். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் ஈடுகட்டும்வரை ஆறு படுகையை உயர்த்தும் அல்லது அறுக்கும். எல்வாவில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தது. சுமை கூடியபோது படுகை ஏறியது. இரண்டாண்டுக்குப் பின் வரவு குறைந்ததும், அதே ஆறு தான் போட்டதையே மறுபடி அறுத்து, மடுக்களைத் தோண்ட ஆரம்பித்தது. ஆனால் பழைய ஆறாகத் திரும்பவில்லை. கரையோரத்தில் மணல் தங்கிவிட்டது, அடித்துவந்த மரங்கள் குவியல் குவியலாக நின்றுவிட்டன, படுகையில் சரளை இருக்கிறது. தடம் மாற ஆறு கற்றுக்கொண்டுவிட்டது.

தடம் மாறும் ஆற்றின் பக்கத்தில் இருப்பது சுகமான காரியம் இல்லை. 2015–16 குளிர்கால வெள்ளங்களில், தேசியப் பூங்காவுக்குள் ஆற்றோரமாக இருந்த இரண்டு கூடார முகாம்கள் சேதமாகி மூடப்பட்டன. பள்ளத்தாக்குச் சாலையையும் ஆறு அறுத்துவிட்டது. வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. அந்த முகாமும் சாலையும் அமைந்தது எங்கே? அணை ஆற்றைக் கட்டிப்போட்டிருந்த காலத்தில், அசையாத கரை என்று நம்பிய இடத்தில். ஆற்றின் சமவெளி ஆறு தூங்கும்போது மட்டும் நம்முடையதாகத் தெரிகிறது. முகாம்களைப் பற்றி வருந்தியவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனாலும் ஆற்றின்மேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

இவ்வளவு சுமையையும் இவ்வளவு சீக்கிரம் கடத்தியது எல்வாவின் செங்குத்தான உடல்வாகு. எல்லா ஆறும் இப்படிச் செய்யாது. கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கத்துக்காக மலையையே நீர்ப்பீரங்கியால் கரைத்தார்கள்; 1884-இல் நீதிமன்றம் தடுக்கும்வரை. ஆறுகளில் இறங்கிய இடிபாடு நூறு கோடி கன மீட்டருக்கு மேல் என்று நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1917-இல் கணக்கிட்டார். அது அலைபோல மெல்ல மெல்லக் கீழிறங்கியதையும் அவர்தான் விவரித்தார். அங்கே சமவெளி ஆறுகளின் படுகை மேடாகி, கரைகட்டி ஊர்களைக் காக்க வேண்டி வந்தது. அந்த மண்ணில் ஒரு பங்கு கரையோரங்களில் இன்னும் கிடக்கிறது. சரிவு குறைந்த இடத்தில் ஆறு தாராளமாகக் கடன் வைத்துக்கொள்ளும்.

முகத்துவாரம்

ஐந்தாண்டு முடிவில் கணக்கு இதுதான். தேங்கியிருந்த சுமார் மூன்று கோடி டன்னில் இரண்டு கோடி டன் அறுபட்டுப் போனது. போனதில் பத்தில் ஒன்பது பங்கு கடலைச் சேர்ந்தது. நடுவழியில் தங்கியது பத்தில் ஒன்று மட்டும். நடுப்பகுதியில் நான் மேலே விவரித்த அத்தனை கலவரமும் அந்தப் பத்தில் ஒரு பங்கு செய்தது என்பதை யோசித்தால் கொஞ்சம் தலைசுற்றும்.

கடலுக்கு வந்ததைச் சல்லடை மறுபடி பிரித்தது. சேறு நீரிணையின் ஓட்டத்தில் கலந்து தொலைவுக்குப் போய்விட்டது; ஆற்றுவாயிலிருந்து பழுப்புக் கலங்கல் கடலுக்குள் விரிவதை வானிலிருந்து எடுத்த படங்களில் பார்க்கலாம். மணலும் சரளையும் வாயிலேயே நின்றன. முதலில் நீருக்கடியில் மேடு. பிறகு ஒரு நாள் வற்றத்தில் மேடு தலைநீட்டியது. அலை அதைத் தட்டி, இழுத்து, கிழக்கே வளைத்து மணல்நாக்காக்கியது. நாக்குக்குப் பின்னால் அகப்பட்ட நீர் குட்டையானது. முன்பு ஏற்றவற்றம் நேராக நுழைந்த சில குட்டைகளைப் புது மணல் கடலிடமிருந்து பிரித்துவிட, அங்கே உப்பு குறைந்தது. வாழும் மீன்களும் மாறின. ஆறு தருகிறது, அலை வரைகிறது. டெல்டாவின் உருவம் இந்த இருவருக்கும் நடக்கும் பேரத்தில் முடிவாவது. எல்வாவின் வாயில் அலைக்குத்தான் கடைசிப் பேச்சு: ஆறு கொண்டுவருவது குறைந்த பிறகு புது நிலத்தின் வளர்ச்சியும் தணிந்து, விளிம்பு கிழக்கே நகர்வது தொடர்ந்தது.

எல்லாமே லாபம் என்று சொல்ல முடியாது. கலங்கல் வெளிச்சத்தை மறைத்ததால் முகத்துவாரத்தை ஒட்டிய கடற்பாசிக் காடுகள் முதல் இரண்டு ஆண்டில் வெகுவாகக் குறைந்தன. நீர் தெளிந்த பின் பெரும்பாலான இடங்களில் மீண்டன. மணல் மூடிய இடத்தில் பாறையைப் பற்றிக்கொள்ளும் பாசிக்கு வேலையில்லை.

மேலே, ஏரிகள் இருந்த பள்ளத்தில், மூன்றில் ஒரு பங்கு மண் இன்னும் கிடக்கிறது. ஆறு அறுத்துச் சென்றபின் இருபக்கமும் படிக்கட்டுப்போல நிற்கும் மேட்டுத்திட்டுகள் அவை. பூங்காவும் கிளாலம் மக்களும் சேர்ந்து நட்ட செடிகளும், தானாக வந்த மரக்கன்றுகளும் அவற்றின்மேல் இடுப்பு, தலை என்று உயர்ந்துவிட்டன. வேர் பிடித்த இடம் பிடித்தபடி நிற்க, ஆற்றைப் பார்த்த ஓரம் ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் சரிகிறது. சேறு, மணல், உருண்டைக் கல் என்று அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சரியும்போது மூன்றும் சேர்ந்துதான் நீரில் விழுகின்றன. சேறு சீக்கிரமே நீரிணைக்குப் போய்விடும். கல் அடுத்த திருப்பத்தில், பழைய கூடார முகாம் இருந்த இடத்துக்கு எதிரே, ஒதுங்கி உட்காருகிறது.